நல்ல நேரத்தில் மெயினை அணைத்தேன்

பொங்கோல் வட்டாரத்தில் எங்கள் புது வீட்டில் பால் காய்ச்சவிருந்த அன்று வந்திருந்தவர்கள்: நான், என் கணவர், மகள், கணவரின் அண்ணன், ஐயர்.

அண்ணன்தான் தெரிந்த ஆளை வைத்து, மின்சார அடுப்பையும் ஓவனையும் ஒரே வயரில் இணைத்திருந்தார். ஓவனில் விருந்துச் சாப்பாடு சூடாகிக்கொண்டிருந்தது. அடுப்பில் பாலை வைத்தேன். கொஞ்ச நேரத்தில் கருகும் வாடை வந்தது. அலமாரிக்குப் பின்னால் புகை. ஓடிப்போய் மெயின் சுவிட்சை அணைத்தேன்.

"என்னம்மா, நல்ல நேரம் போவுதுலா! ஓவனை மட்டும் ஆஃப் பண்ணிட்டு, மெயினைப் போட்டுப் பாலைப் பொங்க வைம்மா," என்றார் அண்ணன்.

"வீடு பத்திக்கிட்டா நல்ல நேரம் வந்து அணைக்குமா மாமா?"

"வயரைப் பத்தி உனக்கு என்ன தெரியும்?"

"ஒன்னும் தெரியாது. கருகுற வாடை தெரியும்."

சுவிட்சுப் பெட்டியை மறைத்துக்கொண்டு நின்றேன். அவர் சாப்பிடாமலே கிளம்பினார். போகட்டும் என்று விட்டேன்.

செவ்வாய்க்கிழமை லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியன் வந்து, உருகிய வயரைக் கழற்றிக் காட்டினார். தனித்தனி வயர் போட்டார். அவர் போனதும், ராகு காலத்திலேயே பாலை வைத்தேன். நன்றாகப் பொங்கியது.

இப்போது யாருடைய புது வீட்டுக்குப் போனாலும், அடுப்புக்கும் ஓவனுக்கும் சேர்த்து எத்தனை வயர் என்று கேட்டுவிட்டுத்தான் உட்காருகிறேன். முகம் சுளிப்பவர்கள் சுளிக்கட்டும். என் வீட்டில் இரண்டு.