அப்பாவுக்குப் படிக்கத் தெரியாத பலகை

இன்று சந்தையில் இறால் வாடை மூக்கில் ஏறியதும், கடல் அரிப்பைத் தடுக்கப் பாறாங்கல் கொட்டுவதற்கு முன்பு கடற்கரைச் சாலைக்குக் கீழே விரிந்து கிடந்த மணல் நினைவுக்கு வந்தது. மில் லீவு நாள்களில், வைத்திக்குப்பத்தில் வாங்கிய இறாலைத் தூண்டிலில் கோத்து, 'இங்கே மீன் பிடிக்கக் கூடாது' என்ற பலகையிலேயே சட்டையை மாட்டிவிட்டு, அப்பா முழங்கால் தண்ணீரில் நிற்பார். காவல்காரர் வந்து கத்தும்போதெல்லாம், "படிக்கத் தெரியாதுங்க சார்" என்று கும்பிடுவார். அவரும் திட்டிவிட்டுப் போய்விடுவார்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். எழுத்துக்கூட்டக் கற்ற வாரமே, காவல்காரர் கண்ணெதிரில் சட்டையை விலக்கி, பலகையை உரக்கப் படித்தேன்.

"இப்ப என்னய்யா சொல்ற?" என்று அவர் எங்களிடமிருந்த ஒரே தூண்டிலையும் பிடுங்கிக்கொண்டார்.

அப்பா தூண்டிலைப் பார்க்கவே இல்லை. "கேட்டீங்களா சார், ஒரு எழுத்து தட்டல! இன்னொரு வாட்டி படி பாப்பா, சார் நல்லா கேக்கட்டும்."