எட்டு வட்டுகள் ஆறானபோது

என் அண்ணன், எங்கள் வழக்கில் நானா, நடத்தும் கல்யாண வீடியோ நிலையத்தில், பதிவுகளைச் சேமிக்கும் எட்டுக் கணினி வட்டுகள் கொண்ட ஒரு பெட்டி இருக்கிறது. ஒரு வட்டு பழுதானாலும் மற்றவை தாங்கிக்கொள்ளும் என்பது அதன் பெருமை. கற்பிட்டி வீதியின் உப்புக்காற்றில் இரண்டு வட்டுகள் முனகத் தொடங்கியபோது, எட்டை ஆறாகக் குறைத்து, கையோடு பழைய கோப்பு முறைமையையும் புதியதாக மாற்றிவிட இருவரும் தீர்மானித்தோம்.

முறை எளியது, பொறுமைதான் வேண்டும். பழையதைச் சற்றுச் சுருக்கி, காலியான இடத்தில் புதியதை அமைத்து, ஒரு பகுதிக் கோப்புகளை அங்கே நகர்த்தி, மீண்டும் பழையதைச் சுருக்க வேண்டும். ஆனால் நிரம்பிக் கிடப்பதைச் சுருக்க முடியாது. சில கோப்புகள் தற்காலிகமாக வெளியே போய்த் திரும்பியாக வேண்டும். மதுரங்குளியில் நானாவின் கூட்டாளி ஒருவர், பெரிய வட்டொன்றை ஒரு கிழமைக்குத் தர ஒப்புக்கொண்டார்.

கல்யாணங்களில் பெண்கள் பக்கத்தைப் படமெடுப்பதும் தொகுப்பதும் நான்தான். அவை என் கடவுச்சொல்லிட்ட தனிக் கோப்புறையில் இருக்கும். நானா அதைத் திறந்ததே இல்லை. "இந்தப் பெட்டியை விட்டு இது வெளியே போகாது" என்று மணப்பெண்களின் உம்மாமாரிடம், மேடையில் முழங்குவதுபோல் உறுதி கூறியவளும் நானே. பாடசாலை நாள் முதல் நான் பேசிய விவாதங்களின் பதிவுகளும் அதில்தான் இருந்தன. அவற்றிலும் தோழியரின் முகங்கள் இருந்தனவே. வேறு பிரதி எடுக்கவில்லை. பெட்டி தாங்கும் என்று நானே வாதிட்டிருந்தேன்.

மாகாண விவாத அணிக்கான தெரிவாளர்கள், என் பழைய விவாதங்களில் மூன்றை வெள்ளிக்கிழமைக்குள் கேட்டிருந்தார்கள். அதற்கு முன் இரண்டு நாள், ஒரு பாடசாலை விவாதத்துக்கு நடுவராகச் சிலாபம் போக வேண்டியிருந்தது.

"நான் வந்த பொறகுதான் சுருக்கணும், நானா."

"ஓம் ஓம். நீ இல்லாம நான் பெட்டியத் தொடுவனா?"

வியாழன் காலை திரும்பினேன். திரையில் ஆறு வட்டுகள். பாதி இடம் காலி. நானா தேநீரும் கையுமாகச் சிரித்தார்.

"பாரு தங்கச்சி, ஒரே நாள்ல முடிச்சிட்டன்!"

"என்ட கோப்புறை எங்க?"

"சுருக்க எடம் வேணும்தானே. அழிச்சிட்டன்."

"மதுரங்குளி டிஸ்க் இருந்திச்சே?"

"மத்தத அதுல போட்டும் எடம் பத்தல்ல. பொம்புளைகள்ட படத்த வேறொருத்தன்ட டிஸ்க்ல போடச் சொல்றியா? வெளிய போகாதெண்டு ஊரெல்லாம் பேசினது நீதானே. கல்யாண வீட்டாருக்கெல்லாம் பென் டிரைவ் குடுத்தாச்சு. தொறந்து பாக்கவும் எனக்கு ஏலா. வேறென்ன செய்ற?"

என் விவாதங்கள் உள்ளே இருந்ததைச் சொன்னேன். அவருடைய கையிலிருந்த கோப்பை மேசைக்கு இறங்கியது. அழிந்த இடத்தின்மேல் புதிய முறைமை எழுதப்பட்டுவிட்டது. மீட்க வழியில்லை என்பதை இருவருமே அறிவோம்.

"ஒரு ஃபோன் கோல் எடுத்திருக்கலாமே, நானா."

அவர் கோப்பையை ஓரமாகத் தள்ளிவைத்தார். பிறகு, "எடுத்தா நீ பேசியே மறிச்சிருப்பாய். ஒன்னோட கதைச்சு நான் எப்ப வெண்டிருக்கன்?" என்றார்.

மறதி என்றால் மன்னித்திருப்பேன். அவசரம் என்றாலும் மன்னித்திருப்பேன். நான் பேசுவேன் என்று தெரிந்தே, நான் பேசமுடியாத நாளைத் தேர்ந்தெடுத்திருந்தார். எத்தனையோ மண்டபங்களில் எதிரணியின் முகத்துக்கு நேரே நின்று மறுத்திருக்கிறேன். இங்கே எனக்குப் பேச முறையே தரப்படவில்லை.

வெள்ளி காலை ஜும்ஆத் தொழுகைக்குப் போகுமுன் அவர் கமராவைப் பொருத்தி, விளக்கைச் சரிசெய்து, கதிரையொன்றைப் போட்டார். "புதுசா பேசு தங்கச்சி. எடுத்துத் தாறன். இண்டைக்கே அனுப்பலாம்."

தெரிவாளர்கள் கேட்டது மறுப்புரையை. எதிரே ஒருவர் வாதிட, அதற்கு நான் அந்த இடத்திலேயே சொன்ன விடையை. வெற்றுச் சுவருக்கு எதை மறுப்பது? கதிரையில் உட்காராமலே, கைபேசியில் அவர்களுக்கு ஒரு வரி எழுதினேன்: பதிவுகள் என்னிடம் இல்லை, தெரிவிலிருந்து விலகிக்கொள்கிறேன்.

கமராவின் சிவப்புப் பொட்டு இன்னும் எரிந்துகொண்டிருந்தது. அதன் பின்னால் நின்ற நானா, என் முகத்தையும் கைபேசியையும் மாறி மாறிப் பார்த்தார்.

"என்னமாவது பேசன், தங்கச்சி," என்றார்.