மலையை இரண்டு முறை ஏறியவள்

அவள் மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் வேலை பார்ப்பவள். ஆவி கக்கும் இஸ்திரி இயந்திரத்தின் முன் நின்று படுக்கை விரிப்புகளை மடித்து மடித்து, ஆண்டு முழுவதும் வேர்த்தே கிடப்பாள். அதனாலேயே குளிர் என்றால் அவளுக்கு ஆசை. கல்யாணம் வேண்டாம் என்று சொல்லிவிட்டவளுக்குத் தனக்கென்று இருந்தது ஒரு சைக்கிள்தான். அதில் மலையைத் தாண்டிக் கடல்வரை போக வேண்டும் என்று விடுப்பைச் சேர்த்து வைத்தாள். விடியும் முன்பே மேம்பாலத்தில் ஏறி இறங்கிப் பழகினாள்.

கிளம்பும் நேரத்தில் தங்கை வந்து, "நானும் வரேன்க்கா" என்றாள். பல் டாக்டரிடம் வரவேற்பில் உட்காருகிற அவள் சைக்கிள் மிதித்தே வருஷக்கணக்காகியிருந்தது. சைக்கிளும் இரவல்.

"பாதியில திரும்பி ஓடிடுவே" என்று அக்கா தட்டிக்கழிக்கப் பார்த்தாள்.

அம்மா விடவில்லை. "சின்னவ ஆசைப்படறா. கூட்டிட்டுப் போயேன்."

தங்கை ஓடவில்லை. மேட்டில்கூடப் பாட்டுப் பாடிக்கொண்டே ஏறினாள். போகிற இடமெல்லாம் உபசாரமும் அவளுக்குத்தான். அக்கா வழி கேட்டால், பதில் தங்கையின் முகத்தைப் பார்த்து வரும். வீட்டிலும் அப்படித்தான். சிறு வயதிலிருந்து ஜன்னலோர இருக்கை எப்போதும் சின்னவளுக்கு.

மலையேறும் நாளன்று காலையிலிருந்தே மழை பனிக்கட்டித் துகளாக விழுந்துகொண்டிருந்தது. கையுறை நனைந்து, பிரேக்கைப் பிடிக்க விரல் மடங்கவில்லை. அடிவாரத்து டீக்கடைக்காரி தங்கையை இழுத்து அடுப்புப் பக்கம் உட்கார வைத்தாள்.

"இந்தக் குளிர்ல என்ன தைரியம் பாரு இந்தப் பொண்ணுக்கு" என்றவள், வாசலில் சொட்டச் சொட்ட நின்ற அக்காவைத் திரும்பிப் பார்த்துக் கேட்டாள்: "நீங்க கூட வந்தவங்களா?"

அக்காவுக்குச் சுருக்கென்றது.

"நீ மெதுவா வா. நான் முன்னாடி போறேன்" என்று சைக்கிளை எடுத்தாள். காற்றடிக்கும் பம்பும் பஞ்சர் ஒட்டும் சாமானும் தன் பையில்தான் இருக்கின்றன என்பது அவளுக்கு நன்றாகத் தெரியும்.

உச்சி கண்ணில் படும்போது போன் அடித்தது.

"அக்கா, பின் சக்கரம் காத்துப் போச்சு. பம்ப் உன்கிட்டதானே?"

"இரு, வரேன்."

உடனே போகவில்லை. கொஞ்சம் நனையட்டும் என்று பையிலிருந்த பிஸ்கட்டைப் பிரித்து மெல்லத் தின்றாள். அப்புறம் மனசு கேட்காமல் இறங்கினாள். இறக்கத்தில் காற்று காதை அறுத்தது.

வளைவில் ஒரு லாரி நின்றிருந்தது. தங்கை அதன் முன்சீட்டில், டிரைவரின் கம்பளியைப் போர்த்திக்கொண்டு, பிளாஸ்க் மூடியில் சூடாக எதையோ குடித்துக்கொண்டிருந்தாள். சைக்கிள் பின்னால் பத்திரமாக ஏறியிருந்தது.

"ஏன்க்கா திரும்பி வந்தே? இந்த அண்ணன் மேல கொண்டுபோய் விடறேன்னாரு. போன் பண்ணினேனே, நீ எடுக்கல."

"நீங்களும் ஏறுங்கம்மா. சைக்கிளைத் தூக்கிப் போட்டுடலாம்" என்றான் டிரைவர். பிறகு உள்ளே பார்த்து, "தங்கச்சி, கொஞ்சம் நகந்துக்கோ."

அவளுக்குத் தங்கச்சி, இவளுக்கு அம்மா. இரண்டு வயதுதான் வித்தியாசம்.

"வேணாம். நான் மிதிச்சே வரேன்."

அதே மேட்டை மறுபடி ஏறினாள். லாரி அவளைக் கடந்தபோது உள்ளேயிருந்து தங்கை கையசைத்ததை அவள் பார்க்காததுபோல் மிதித்தாள். கால் விரல்கள் இருக்கிற இடமே தெரியவில்லை. வயிற்றெரிச்சல் என்ற ஒன்று மட்டும் இல்லாவிட்டால் அன்று உறைந்தே போயிருப்பாள்.

உச்சியில் ஒரு கல்மண்டபம். லாரி போய்விட்டிருந்தது. தங்கை மண்டபத்துக்குள் ஒதுங்காமல், நடுரோட்டில், உதடு நீலம் பாரிக்க நின்றுகொண்டிருந்தாள்.

"உள்ள நிக்க வேண்டியதுதானே?"

"நீ நிக்காம போயிடுவேன்னு பயந்தேன்."

அக்கா பையிலிருந்து பம்பை எடுத்தாள். அப்படித்தான் நினைத்துக்கொண்டு வந்திருந்தாள்.

மண்டபத்துக்குள் சக்கரத்தைக் கழற்றினார்கள். ஒருவர் விரலிலும் பலமில்லை. தங்கை டயரை முழங்காலால் அழுத்திப் பிடிக்க, அக்கா டியூபை உருவினாள்.

"என் மேல கோவமாக்கா?"

"கோவம் இல்ல. பொறாமை."

"எதுக்கு?"

"எல்லாத்துக்கும்தான்."

தங்கை எப்போதும்போல் சிரித்து மழுப்பவில்லை. டயரை இன்னும் அழுத்திப் பிடித்தாள். "நீ திரும்பி வந்தப்போ பாவமா இருந்துச்சு" என்றாள்.

"பாவமெல்லாம் பட வேணாம். இந்தப் பக்கம் பிடி."

இரவு தங்கிய விடுதிக்கு அம்மா போன் செய்து, சின்னவளுக்குக் குளிர் ஒத்துக்கொண்டதா என்று கேட்டாள். ஒத்துக்கொண்டது என்றாள் அக்கா.

இருவரும் கடலைப் போய்ப் பார்த்துவிட்டுத்தான் வீடு திரும்பினார்கள். பொறாமை அதோடு தீர்ந்ததா என்றால், இல்லை. அடுத்த மாதமே தங்கை சொந்தமாக ஒரு சைக்கிள் வாங்கினாள். அக்காவுடையதைவிட லேசானது, கியரும் கூடுதல். பிரேக் சரியாக இருக்கிறதா பார்க்கிறேன் என்று சொல்லி, அதை முதலில் தெருமுனைவரை ஓட்டிப் போனவள் அக்காதான். திரும்பி வர வெகுநேரம் பிடித்தது.