பக்க எண் இல்லாத புத்தகம்

அந்த நர்ஸ் அம்மா எனக்கு முந்நூறு புத்தகத்துக்கான பைண்டிங் கூலி தர வேண்டியிருந்தது. புத்தகங்களைப் பார்த்த பிறகுதான் பணம் என்று பேச்சு.

நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டுவிட்டுப் பசை காய்ச்சப் போனவன். இன்று இரண்டு கட்டிங் மெஷின், சொந்தக் கட்டடம். யாரும் தூக்கிக் கொடுத்ததில்லை. நாற்பது வருடத்தில் லட்சம் புத்தகமாவது தைத்திருப்பேன், ஒன்றைக்கூடப் படித்ததில்லை. படிக்காமலே வரிசை பிடிப்பேன். அச்சான பெரிய தாளைப் பக்கங்களாக மடித்தால் அது ஒரு மடிப்பு. ஒரு மடிப்பின் கடைசி வரியும் அடுத்த மடிப்பின் முதல் வரியும் ஒட்டினால் சரி, அவ்வளவுதான்.

இந்தப் புத்தகத்தில் அந்த வித்தை பலிக்கவில்லை. எல்லாம் அந்த அம்மா எழுதிய காதல் கவிதை. ஒவ்வொன்றும் அதனதன் பக்கத்திலேயே முடிந்துவிடுகிறது. பக்க எண் போட்டால் அழகு கெடும் என்று அதையும் விட்டுவிட்டார். வரிசை எழுதிக் கொடுத்த சீட்டைப் பசை வாளியில் தவறவிட்டது நான்தான். போன் செய்து கேட்கலாம். கேட்டால் என் மானம் என்ன ஆவது? ஐந்து மடிப்புதானே, படித்தே கண்டுபிடிக்கிறேன் என்று உட்கார்ந்தேன்.

ஐயோ, அதை எப்படிச் சொல்வேன்! ஒருத்தி, அவன் காபி குடித்து வைத்த டம்ளரைக் கழுவ மனசில்லாமல் மூன்று நாள் ஜன்னலில் வைத்திருக்கிறாள். இன்னொன்றில், மழை விட்ட பிறகும் இரண்டு பேரும் குடையை மடக்காமலே நடக்கிறார்கள். எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்துவிட்டது. அடுப்பில் பசை கட்டி தட்டிப் போனது, போகட்டுமே! அட்டை ஒட்டிக்கொண்டிருந்த மனைவிக்கு உரக்க வாசித்துக் காட்டினேன்.

"இந்த வயசுல என்னங்க ஆச்சு உங்களுக்கு?" என்றாள். "டம்ளரை நான் அப்படிக் கழுவாம வச்சிருந்தா, நாத்தம் தாங்கலைன்னு வீட்டையே ரெண்டாக்கியிருப்பீங்க."

"சும்மா கேளுடி. இன்னும் இருக்கு."

"அது இருக்கட்டும். அந்தக் குடையை இன்னொரு தடவை படிங்க."

மூன்று தடவை படித்தேன். டம்ளர் முதலில், குடை கடைசியில் என்று வரிசை போட்டு, முந்நூறையும் தைத்து வெட்டி அடுக்கினேன்.

நர்ஸ் அம்மா வந்தார். கடைசிப் பக்கத்தைத் திறந்ததும் முகம் மாறிவிட்டது.

"குடை முதல்ல வரணும் ஐயா. டம்ளர்தான் கடைசி. யாரு மாத்தினது?"

என் கையிலிருந்து போன புத்தகம் ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை. சீட்டுக்கு நேர்ந்ததை ஒப்புக்கொண்டேன். "தப்புதான். படிச்சுப் பாத்துதான் வரிசை போட்டேன். டம்ளரை அப்படி எடுத்து வச்சிருக்கா. அவன் வராம எப்படிம்மா புத்தகத்தை மூடறது?"

"அவர் வரலையே ஐயா."

மனைவிதான் வாயைத் திறந்தாள். "மூணு தடவை எனக்கு வாசிச்சுக் காட்டினாரும்மா. எங்க கல்யாணப் பத்திரிகையையே முழுசாப் படிக்காத மனுஷன்."

நர்ஸ் அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, நின்றபடியே முதலிலிருந்து புரட்டினார். கடைசிப் பக்கத்துக் குடையை இரண்டு தடவை படித்தார்.

"ஒண்ணை மட்டும் பிரிச்சு என் வரிசையில தைச்சுக் குடுங்க. அது எனக்கு. மத்ததெல்லாம் இப்படியே போகட்டும்."

அங்கேயே பிரித்துத் தைத்தேன். இதற்குக் கூலி வேண்டாம் என்றேன்.

"வேலை வேலைதானே? கையை நீட்டுங்க."

முந்நூற்றொரு புத்தகத்தின் கூலியை, ஒவ்வொரு நோட்டாக என் உள்ளங்கையில் எண்ணி வைத்தார்.