விளக்கை அணைத்துக் கூப்பிடுகிற வீடு

கூடத்து விளக்கு ஒரு தடவை அணைந்து எரிந்தது. சாப்பிட வரச்சொல்கிறார்கள்.

அவர் எழுந்திருக்கவில்லை. நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடியிருந்தாலும் இமைக்குள் அந்த இருட்டும் வெளிச்சமும் தெரிந்தன. ஒரு தடவை அணைந்தால் சாப்பாடு. இரண்டு தடவை என்றால் வாசலில் யாரோ வந்திருக்கிறார்கள். மூன்று தடவை என்றால் அவசரம், ஓடி வா. ஒன்பது வருஷமாக அந்த வீட்டில் அவரை இப்படித்தான் கூப்பிட்டார்கள். இப்போது அவருக்குக் காது கேட்கிறது. கேட்க ஆரம்பித்து நாலு மாதமும் ஆகிவிட்டது. ஆனாலும் மகளின் கை ஸ்விட்சுக்குத்தான் போகிறது.

மின்மோட்டார்களுக்குச் செம்புக் கம்பி சுற்றுகிற பட்டறையில் அவருக்கு வேலை. எரிந்துபோன மோட்டாரைப் பிரித்து, கருகிய கம்பியை வெட்டி இழுத்து, புதுக் கம்பியைச் சுற்றி, வார்னிஷ் ஊற்றிக் காயவைக்க வேண்டும். ஒரு காய்ச்சல் அவர் காதைக் கொண்டுபோனபோது மகளுக்கு நாலு வயது. ஆஸ்பத்திரியில் கண் விழித்தவர் மனைவியைப் பார்த்து, "ஏன் ரகசியம் பேசுறே?" என்று கேட்டார். அவள் தொண்டை கிழிய அழுதுகொண்டிருந்தாள்.

அதன்பிறகு அவர் உதடுகளைப் படிக்கக் கற்றுக்கொண்டார். பாதி படிப்பார், பாதி ஊகிப்பார். பட்டறையில் அவருக்கு 'சைலன்சர்' என்று பெயர் வைத்தார்கள். மோட்டார் ஓடுகிற சத்தத்தை வைத்து மற்றவர்கள் கோளாறைக் கண்டுபிடிப்பார்கள். அவர் உள்ளங்கையை மோட்டார் மேல் வைத்துக் கண்டுபிடிப்பார். "சைலன்சர் கை வச்சா டாக்டர் நாடி பார்த்த மாதிரி" என்று முதலாளி வாடிக்கையாளர்களிடம் பெருமை பேசுவார். அதையும் அவர் முதலாளியின் உதட்டில்தான் படித்தார்.

வீட்டில் அவருக்கு ஒரே ஒரு பெருமை இருந்தது. மகள் அவரை வாய் ஓயாமல் கூப்பிடுவாள். சீப்பைக் காணோம் என்றாலும் அவர்தான், பல்லி விழுந்தாலும் அவர்தான். உதடு இரண்டும் மூடித் திறக்கும். அப்பா! உடனே கையிலிருப்பதைப் போட்டுவிட்டு ஓடுவார். "எம்பொண்ணு ஒரு நாளைக்கு நாப்பது தடவை என்னைக் கூப்பிடுவா" என்று பட்டறையில் சொல்லுவார். தன் சத்தம் தனக்கே தெரியாததால் அது தெருமுனை வரை கேட்கும்.

இரண்டு காதுக்குள்ளும் கருவி வைக்கலாம் என்று டாக்டர் சொன்னபோது அவர் சரி என்றது அந்த நாப்பது தடவைக்காகத்தான். நாலு வயதுக் குழந்தை 'அப்பா' என்று கூப்பிட்ட குரல் அவர் மண்டைக்குள் இருந்தது. இப்போது அது பதிமூன்று வயதுக் குரல். அது எப்படி இருக்கும் என்று தெரிந்தால் போதும் என்று நினைத்தார்.

ஆபரேஷன் புண் ஆறின பிறகு வெளிக்கருவிகளை மாட்டினார்கள். காதுக்குப் பின்னால் ஒரு கொக்கி. அதிலிருந்து போகும் வயரின் முனையில், காந்தத்தால் தலையோடு ஒட்டிக்கொள்ளும் வட்டத் தகடு. முதல் நாள் யார் பேசினாலும் தகர டப்பாவுக்குள் கோலிக்குண்டை உருட்டின மாதிரி இருந்தது. வீடு திரும்பியதும் மனைவி சமையலறை வாசலில் நின்று, ஒன்பது வருஷமாக நிறுத்தி வைத்திருந்த வார்த்தையைச் சொல்லிப் பார்த்தாள்.

"ஏங்க."

அவர் திரும்பினார். "ஆணி உரசுற மாதிரி இருக்கு" என்றார்.

"கல்யாணமான புதுசுலயும் இதைத்தானே சொன்னீங்க" என்று சொல்லிவிட்டு, அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போனாள்.

வாரங்கள் போகப் போகக் குரல்கள் குரல்களாகத் தேறின. ஆனால் அலுப்பு தீரவில்லை. இதை யாரும் அவருக்கு முன்கூட்டியே சொல்லவில்லை. காது என்றால் திறந்த கதவு, சத்தம் தானாக நடந்து வரும் என்று நினைத்திருந்தார். அவருக்கோ ஒவ்வொரு சத்தத்தையும் கையைப் பிடித்து இழுத்து, நீ யார் என்று கேட்டு உள்ளே விட வேண்டியிருந்தது. தண்ணீர்க் குழாய், பஸ் பிரேக், பக்கத்து வீட்டுக் கதவு, பட்டறையில் கிரைண்டர். மூன்று மணிக்கெல்லாம் தலை கனத்துவிடும். ஒருமுறை குனிந்தபோது தலைத் தகடு கழன்றுபோய் மோட்டார் இரும்போடு ஒட்டிக்கொண்டது. ஒரு பக்கம் சட்டென்று அமைதி. அதைப் பிடுங்கி மாட்டிக்கொள்ளாமல் கொஞ்ச நேரம் அப்படியே குனிந்திருந்தார்.

முதலாளி பார்த்துவிட்டார். "என்னய்யா, மோட்டாருக்குக் காது வச்சிட்டியா?"

"அதாச்சும் கேக்கட்டும்ணே. எனக்கு முடியல."

"எனக்கு மட்டும் என்னவாம்? உன் முன்னாடி நிம்மதியாத் திட்டிக்கிட்டிருந்தேன். இப்ப உன்னைத் திட்டணும்னா நான் தெருவுக்குப் போக வேண்டியிருக்கு."

வாரம் ஒருநாள் கேட்புப் பயிற்சி. பயிற்சி கொடுக்கும் பெண்மணி ஓர் அட்டையால் தன் வாயை மறைத்துக்கொண்டு வார்த்தைகளைச் சொல்லுவார். அவர் திருப்பிச் சொல்ல வேண்டும். படம், மடம். பாலை, மாலை. பிறகு ஒரு நாள், "அம்மா, அப்பா."

அவர் இரண்டுக்கும் அப்பா என்றார்.

"இல்லைங்க. நல்லாக் கேளுங்க. அம்மான்னா நடுவுல மூக்குல ஒரு ரீங்காரம் இருக்கும். அப்பான்னா நடுவுல ஒண்ணுமே இருக்காது. கதவை மூடித் திறந்த மாதிரி."

இருபது தடவை சொன்ன பிறகு பிடிபட்டது. "பிரமாதம்!" என்று அட்டையை இறக்கிச் சிரித்தார் அந்தப் பெண்மணி. "இது ரெண்டும் உதட்டுல ஒரே மாதிரிதான் இருக்கும். எத்தனை வருஷம் உதடு படிச்சாலும் பிரிக்க முடியாது. காதுதான் பிரிக்கும்."

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டு, கண்ணாடியில் தெரிந்த தன் வாயைப் பார்த்துச் சொல்லிப் பார்த்தார். அப்பா. அம்மா. பக்கத்தில் இருந்தவர் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தார். கண்ணாடியில் இரண்டும் ஒன்றுதான்.

வீட்டுக்கு வந்து காத்திருந்தார். "அம்மா, துண்டு எங்க?" ரீங்காரம் இருந்தது. "அம்மா, இந்தக் கணக்கு வரமாட்டேங்குது." இருந்தது. "அம்மா, பல்லி!" அதிலும் இருந்தது. அன்று மட்டுமல்ல, பத்து நாள் காத்திருந்தார். அவரிடம் ஏதாவது வேண்டுமென்றால் மகள் விளக்கை அணைத்துப் போட்டாள், அல்லது மேஜையைத் தட்டினாள். அப்பா என்று ஒரு தடவைகூட வரவில்லை. ஒன்பது வருஷமாக நாளைக்கு நாப்பது தடவை, யாரையோ கூப்பிட்டதற்குத் தான் ஓடியிருக்கிறோம் என்று நினைத்தபோது அவருக்குச் சிரிப்புகூட வந்தது. சிரிக்கத்தான் தெம்பில்லை.

அவர் யாரிடமும் கேட்கவில்லை. கேட்டு வாங்குகிற வார்த்தையா அது? மகள் கூப்பிட்டால் திரும்பாமல் இருக்கப் பழகினார். பட்டறையிலிருந்து வந்ததும் இரண்டு கருவிகளையும் கழற்றிப் பெட்டியில் போட்டு மூடினார். விழித்திருக்கும் நேரமெல்லாம் மாட்டியிருக்க வேண்டும் என்று பயிற்சியில் சொன்னதை மனைவி ஞாபகப்படுத்தினாள். "முடியல, விடு" என்றார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மகள் மேஜையில் படித்துக்கொண்டிருந்தாள். அவர் எதிரே கருவி இல்லாமல் உட்கார்ந்திருந்தார். அவள் உதடு மூடித் திறந்தது. அவர் கழுத்து பழக்கத்தில் திரும்பப்போய், பாதியில் நின்றது. அதை அவள் பார்த்துவிட்டாள். எழுந்து போய்ப் பெட்டியை எடுத்து வந்து நீட்டினாள். அவர் மாட்டிக்கொண்டார்.

"கேக்குதா?"

"ம்."

"இப்பல்லாம் கூப்பிட்டா ஏன் வரமாட்டேங்கிறீங்க?"

"நீ எப்பம்மா என்னைக் கூப்பிட்டே?"

"இப்பத்தான்! ஸ்கேல் எங்கன்னு."

"எப்பவும் அம்மான்னுதானே கூப்பிடுறே. எனக்கு இப்ப வித்தியாசம் தெரியும்மா. பயிற்சியில சொல்லிக்குடுத்துட்டாங்க."

அவள் ஒரு நிமிஷம் முழித்தாள். பிறகு சிரித்தாள். "அம்மான்னா ரெண்டு பேரையும்தான்."

"என்னது?"

"சின்ன வயசுலயே கண்டுபிடிச்சேன். அப்பான்னு கத்தினா அம்மா வரமாட்டா. நீங்களும் என்னைப் பாத்துக்கிட்டிருந்தாத்தான் வருவீங்க. அம்மான்னா ரெண்டு பேரும் வருவீங்க. அம்மாவுக்குக் காதுல விழும், உங்களுக்கு உதடு தெரியும். அப்புறம் எதுக்குத் தனித்தனியாக் கூப்பிடணும்?"

சமையலறையிலிருந்து மனைவி குரல் கொடுத்தாள். "அதான் நான் போறதுக்குள்ள அவர் போய் நிப்பார்! சரி, அவருக்குக் குழந்தைமேல அவ்வளவு ஆசைன்னு நினைச்சிட்டேன்."

அவர் மகளைப் பார்த்தார். "இப்பத்தான் கேக்குதே. அப்பான்னு சொல்லலாம்ல?"

அவள் தரையைப் பார்த்தாள். "வாயில வரமாட்டேங்குது. சொல்லி ரொம்ப நாளாச்சு. கூச்சமா இருக்கு." பிறகு சட்டென்று கோபம் வந்தது. "நீங்க மட்டும் என்னவாம்? என்னையே அம்மாங்கிறீங்க. இந்த வீட்டுல எல்லாரும் அம்மாதான்."

"சரிம்மா" என்றார் அவர். சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

சாயங்காலம் அவர் கருவியைக் கழற்றவில்லை. தலை விண்விண் என்று தெறித்தது. மனைவி பாத்திரம் தேய்க்கிற சத்தம் பல்லுக்குள் இறங்கியது. கழற்றிவிடலாம் என்று கையைத் தூக்குவார், பிறகு இறக்குவார். மகள் படிக்கும் அறையிலிருந்து ஏதோ வந்தது. குழாய்ச் சத்தத்தில் நடுப்பகுதி சரியாகப் பிடிபடவில்லை. ரீங்காரம் இருந்ததா, இல்லையா?

"என்ன?" என்று அவரும் மனைவியும் ஒரே நேரத்தில் கேட்டார்கள்.

மனைவி குழாயை மூடினாள். "யாரைடி கூப்பிட்டே?"

அவர் கண் தானாகக் கூடத்து விளக்குக்குப் போனது. அது அணையவில்லை.

"அப்பாவ" என்றாள் மகள். பிறகு, நடக்கப் பழகுகிற மாதிரி, "அப்பா. இங்க வாங்க."

நடுவில் ரீங்காரம் இல்லை, கதவு மூடித் திறந்தது. அந்தக் குரல் அவர் நினைத்து வைத்திருந்தது மாதிரி இல்லை. கரகரப்பாக, கொஞ்சம் எரிச்சலாக, மூச்சுப் பிடித்துச் சொன்னது மாதிரி இருந்தது. அவர் போனார்.

"ஃபேன் சத்தம் போடுது. படிக்கவே முடியல."

அவர் தலையைத் தூக்கிக் கேட்டார். கர்ர், கர்ர் என்று அரைக்கிற சத்தம். நாற்காலியில் ஏறி, மோட்டார் மூடியில் விரலை வைத்துப் பார்த்தார். காதும் விரலும் ஒரே பதிலைச் சொன்னது அன்றுதான் முதல் தடவை. "பேரிங் போயிடுச்சு. எத்தனை நாளா இப்படிக் கத்துது?"

"ரெண்டு வருஷமா."

"ரெண்டு வருஷமாவா? ஊர் மோட்டாரெல்லாம் நான்தான் பாக்குறேன். என்கிட்ட ஏன் சொல்லல?"

வாசலில் வந்து நின்ற மனைவி ஈரக் கையைப் புடவையில் துடைத்தாள். "கேக்காதவர்கிட்டப் போய்ச் சத்தம் போடுதுன்னு எப்படிங்க சொல்றது? மனசு வரல. அப்படியே பழகிட்டோம்."

அவர் கீழே இறங்கி நாற்காலியில் உட்கார்ந்தார். "நாளைக்குக் கழட்டி எடுத்துட்டுப் போறேன். இப்ப நிறுத்து. தலை பிளக்குது."

மகள் ஸ்விட்சைத் தட்டினாள். ஃபேன் மெல்ல ஓய்ந்தது. மூன்று பேருக்கும் வியர்த்தது.

"அப்பா."

"என்ன?"

"ஒண்ணுமில்ல. சரியா வருதான்னு பாத்தேன்."

"சும்மா சும்மா கூப்பிடாதே. காது வலிக்குது" என்றார் அவர். ஆனால் கருவியைக் கழற்றவில்லை.