அவருக்கு மேல் யாருமில்லை

எழுபதுகளில், பிள்ளைப்பாக்கத்தை அடுத்த ஒரு சிற்றூருக்கு நான் வாழ்க்கைப்பட்டு வந்தபோது, அங்கே மருமகள்களில் எஸ்.எஸ்.எல்.சி. பாஸானவள் நான் ஒருத்திதான். அந்த மிதப்பு எனக்கு நிறையவே இருந்தது. நினைத்தால் இன்றும் உடம்பு கூசுகிறது.

கோடை வந்தால் ஊர்க் கிணறு வற்றிவிடும். பெண்கள் குடத்தோடு வயல்வெளி தாண்டி ஒரு பம்புசெட்டுக்கு நடப்போம். புதுக் கிணறு வேண்டுமென்றால் யூனியன் ஆபீஸ் பி.டி.ஓ. மனது வைக்க வேண்டும். அவர் பள்ளிக் கட்டடம் திறக்க வருகிறார் என்றதும் மாலை, மேளம், கண்ணாடி போட்ட வரவேற்பு மடல் என்று ஊரே அமர்க்களப்பட்டது. மடல் வாசித்துக் குளிர வைக்காமல் அதிகாரியிடம் எதையும் கேட்கும் வழக்கமில்லை.

"நீ இங்கிலீசுல எழுதும்மா, அப்பதான் மதிப்பாரு," என்றார் மாமனார்.

எழுதினேன். 'சுப்ரீம்' என்ற சொல்மேல் எனக்கு அப்படியொரு மோகம். அகராதியில் பார்த்தேன்: தனக்கு மேல் எவரும் இல்லாத. கோர்ட்டுக்குச் சொல்வது, கடவுளுக்குச் சொல்வது. தண்ணீர் தருகிறவர் எங்களுக்குக் கடவுள்தானே? பத்திக்குப் பத்தி பி.டி.ஓ.வை சுப்ரீம் ஆக்கினேன்.

விழாவன்று அவருடைய ஜீப்புக்குப் பின்னாலேயே இன்னொரு கார் வந்து நின்றது. கலெக்டர்! அந்தப் பக்கமாகப் போனவர் மேளச்சத்தம் கேட்டு இறங்கிவிட்டாராம். அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டாமா? மைக் கிடைத்த குஷியில் ஒரு சொல் விடாமல் ராகம் போட்டுப் படித்தேன்.

கலெக்டர் வாய்விட்டுச் சிரித்தார். "இவருக்கு மேல் யாருமே இல்லையென்றால், நான் யாரம்மா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். பி.டி.ஓ.வின் முகம் செத்துப்போனது. மடலை வாங்கக்கூட அவர் கை நீட்டவில்லை. கிணற்றைப் பற்றிப் பேச எழுந்த மாமனாரை, "அப்புறம் பாக்கலாம்," என்று உட்கார வைத்துவிட்டார். அதன்பிறகு ஆபீசுக்குப் போனபோதெல்லாம், "ஐயா மீட்டிங்ல இருக்காரு," என்ற பதில்தான் மாமனாருக்குக் கிடைத்தது. அந்த பி.டி.ஓ. மாற்றலாகிப் போகும்வரை கிணறு வரவில்லை.

அந்தக் கோடையிலும் நடந்தோம். யாராவது என்னைத் திட்டித் தொலைத்திருக்கலாம். பம்புசெட்டில் வரிசையின் கடைசியில் போய் நின்றேன். எனக்கு முன்னால் நின்ற நிறைமாசக்காரி விலகி வழிவிட்டாள்.

"நீ இன்னாத்துக்கு கடைசில நிக்கிற? கலெக்டராண்டயே இங்கிலீசு பேசி, அவர சிரிக்க வச்ச பொண்ணாச்சே! மொதல்ல நீ புட்ச்சிக்கினு போ."

கலெக்டர் எதற்குச் சிரித்தார் என்று நான் அவளிடம் சொல்லவில்லை. குடத்தை நிரப்பிக்கொண்டு, அவள் முகத்தைப் பார்க்காமல் நடந்தேன்.