கேழ்வரகுக் கூழில் ஒட்டிய பாடம்

என் அம்மா கயிற்றைத் தாண்ட மாட்டாள். கொட்டகையில் மாட்டுக் கயிறு குறுக்கே கிடந்தால், தலையில் சாணிக் கூடையோடு முழுக் கொட்டகையையும் சுற்றிக்கொண்டுதான் வருவாள். கிணற்றடியிலும் அப்படியே. எல்லோருடைய அம்மாவும் இப்படித்தான் நடப்பார்கள் என்று நான் நினைத்திருந்தேன்.

காரணம், அப்பாவின் அக்காவான என் அத்தை வாயால்தான் தெரிந்தது. எனக்குப் பின்னால் பிறந்த தம்பி, கழுத்தில் தொப்புள்கொடி சுற்றி, அழாமலே போய்விட்டான். “வவுத்துப் புள்ளயோட மாட்டுக் கயித்தத் தாண்டியிருக்கறா. அதான் புள்ள கழுத்துல சுத்திக்கிச்சு” என்றாள் அத்தை. ஊரும் அதையே சொன்னது. அம்மாவும் ஒத்துக்கொண்டாள். தாண்டியது உண்மைதானே.

போன மாதம் என் பேத்தியின் பள்ளிக்கூடத்தில், உடம்பைப் பற்றிய பாடம் பிள்ளைகளுக்கு வேண்டுமா வேண்டாமா என்று பெற்றவர்கள் கூடிச் சண்டை போட்டார்களாம். அவள் கோபமாக வீட்டுக்கு வந்து ஒரு கதை சொன்னாள். வரப்போகும் காலத்தில் ஒரு ராஜாங்கம், யார் எதைத் தெரிந்துகொள்ளலாம் என்று அதுதான் தீர்மானிக்கும், மீறினால் தண்டனை. “அந்தக் காலம் வந்துடும் போலருக்குது ஆயா” என்றாள். எனக்குச் சிரிப்பு வந்தது. அது நான் ஏழாவது படிக்கும்போதே வந்துவிட்டது. எங்கள் ஊருக்கு அது துப்பாக்கியோடு வரவில்லை, கூழ்ச் சட்டியோடு வந்தது.

அந்த வருடம் புதிதாக வந்த அறிவியல் புத்தகத்தின் கடைசிப் பாடத்தில், தாய் வயிற்றுக்குள் குழந்தை இருக்கும் படம் போட்டிருந்ததாம். நாங்கள் அந்தப் பக்கத்துக்குப் போகும் முன்பே ஊர்ப் பெரியவர்கள் போய்விட்டார்கள். பள்ளிக்கூடத்துப் புளியமரத்தடியில் கூட்டம். அப்பாதான் முன்னால்.

“கிழிச்சுப் போடுங்க வாத்தியாரே” என்றார் ஒருவர்.

“கவர்மெண்ட் புக்குங்க. கிழிச்சா என் வேல போயிடுமுங்க” என்றார் வாத்தியார்.

அப்பா யோசித்தார். காலில் காகிதம் பட்டாலே தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறவர் அவர். “கிழிக்க வாணாம். சரசுவதியக் கிழிச்ச பாவம் நமக்கெதுக்கு? கேவுருக் கூழு தடவி ஒட்டிப்புடலாம்.”

மளிகைக்கடை பாய்க்கும் எங்களோடு படிக்கிற ஒரு மகள் உண்டு. “எங்கிட்ட மைதா இருக்குதுங்க அண்ணா. கேவுருக் கூழுல ஒட்டினா கரப்பாம்பூச்சி பசையத் தின்னுட்டுப் பாடத்தப் படிச்சுப்புடும்” என்றார்.

“கரப்பான் படிச்சாப் படிக்கட்டும். பொம்பளப் புள்ளைங்க படிக்க வாணாம்” என்றார் அப்பா. எல்லோரும் சிரித்தார்கள். நாங்களும் சிரித்தோம்.

கூழ் எங்கள் வீட்டிலிருந்து போனது. காய்ச்சியவள் அம்மா. வயிற்றில் எட்டு மாதப் பிள்ளை அவளுக்கு. அப்பா ஒவ்வொரு புத்தகமாக வாங்கி, அந்தப் பாடத்தின் இரண்டு பக்கங்களிலும் கூழைத் தடவி, முகத்தோடு முகம் சேர்த்து அழுத்திக் கொடுத்தார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அப்பாவும் அத்தையும் அரூர் போயிருந்தார்கள். களிக்கு உலை கொதித்துக்கொண்டிருந்தது.

“அந்த புக்க எடுத்துக்கிட்டு வா” என்றாள் அம்மா.

“எதுக்கும்மா? அப்பா வைவாரு.”

“எடுத்துக்கிட்டு வாடி. நான் காச்சின கூழு எவ்ளோ நேரம் புடிக்கும்னு எனக்குத் தெரியாதா?”

ஒட்டிய பக்கத்தை ஆவியில் காட்டினாள். நகத்தால் மெல்ல நெம்பினாள். பக்கம் தோலுரிவதுபோல் திறந்தது.

உள்ளே ஒரு குழந்தை. தலைகீழாக, முழங்காலை மடக்கி, கண்ணை மூடிக்கொண்டு, யாருக்கும் பயப்படாமல் தூங்கிக்கொண்டிருந்தது. அம்மா கையைப் புடவையில் துடைத்துவிட்டுத்தான் அதைத் தொட்டாள். தீர்த்தமலைக் கோயிலில் கற்பூரம் காட்டும்போது உள்ளே சாமி முகம் சட்டென்று தெரியுமே, அப்போது நிற்பதுபோல் நின்றாள். எனக்கும் மயிர் கூச்செறிந்தது. அவள் வயிற்றுக்குள் இப்போது இது இருக்கிறதா! நாங்கள் பேசுவது அதற்குக் கேட்குமா!

“இந்தக் கொடிகிட்ட என்னா எழுதியிருக்குது? படி.”

நான் எழுத்துக்கூட்டித்தான் படிப்பேன். இன்றைக்கும் அப்படித்தான், அதில் எனக்கு வெட்கமில்லை. விரல் வைத்துப் படித்தேன். குழந்தை கருப்பைக்குள் புரண்டுகொண்டே இருக்கும். அப்போது கொடி தானாகவே கழுத்தில் சுற்றிக்கொள்வதும் உண்டு.

“தானாவா?”

“தானாகவேன்னு போட்டிருக்குதும்மா.”

“இன்னொருக்கா படி.”

படித்தேன். மூன்றாம் முறையும் படிக்கச் சொன்னாள். நான் தலை நிமிர்ந்தபோது அவள் கண்ணிலிருந்து நீர் இறங்கிக்கொண்டிருந்தது. உலை நீர் வற்றி, பானை தீய்கிற வாசனை வந்தது. ஒருநாளும் பானையைத் தீயவிடாதவள் அவள். பிறகு முகம் கழுவி, வேறு பானையில் களி கிண்டினாள். அதில் ஒரு துளி எடுத்துப் பக்கத்தைப் பழையபடி ஒட்டி, என் பையில் வைத்தாள்.

சாயங்காலம் அப்பா மாட்டைக் கட்டிக்கொண்டிருந்தார். அத்தை வாசலில் அமர்ந்து வெற்றிலை மென்றுகொண்டிருந்தாள். குடத்தோடு வந்த அம்மாவுக்கு முன்னால் மாட்டுக் கயிறு குறுக்கே கிடந்தது. அவள் சுற்றிக்கொண்டு போகவில்லை. புடவையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்து, நிதானமாகத் தாண்டினாள்.

“அம்மா, கயிறு!” என்று கத்தினேன்.

“தெரியுண்டி” என்றாள்.

அத்தையின் வாயில் வெற்றிலை அப்படியே நின்றது. அப்பா கயிற்றைப் பிடித்தபடி அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுமாதம் தங்கை பிறந்தாள். ஊருக்கே கேட்கும்படி அழுதாள். அதுவரைக்கும் ஒவ்வொரு நாளும் தீர்த்தமலை இருக்கும் பக்கம் திரும்பிக் கும்பிட்டேன். அம்மா ஏதோ நினைப்பில் தாண்டிவிட்டாள், மன்னித்துவிடு சாமி என்று.

‘தானாகவே’ என்ற அந்த வரியை அவளுக்கு மூன்று முறை படித்துக் காட்டியவள் நான்தான்.